ரேம் கூட்டிய பிறகு சேமிக்கும் படங்களில் பட்டை விழுகிறது

கேள்வி:
வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். லேப்டாப் 2020இல் வாங்கியது. ரேம் (வேலை நடக்கும்போது தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) 8 ஜிபி, டிடிஆர்4 வகை, 2666 வேகம். நாற்பது பக்க ஆல்பத்தைத் திறந்தாலே திணறும். போன ஞாயிறு இன்னொரு 8 ஜிபி வாங்கி (இது 3200), காலியாக இருந்த ஸ்லாட்டில் நானே மாட்டினேன்.

முதல் தடவை ஆன் செய்தபோது ஒரு நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. அப்புறம் 16 ஜிபி என்று காட்டியது. செவ்வாய் இரவிலிருந்து நீலத் திரை வருகிறது, ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று சேமித்த ஒரு படத்தில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியிலிருந்து கன்னம் வரை இளஞ்சிவப்பில் ஒரு பட்டை. கேமராவில் எடுத்த மூலப் படம் சுத்தமாக இருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வேகம் வேறு வேறாக இருப்பதுதான் காரணமா?

பதில் 1:
விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள் அக்கா. எனக்கு நீலத் திரை அப்படித்தான் போனது.

பதில் 2:
இப்போது விண்டோஸைத் தொட வேண்டாம் அம்மா. ரேம் தவறு செய்யும்போது போட்டால் அந்த விண்டோஸே பழுதாகிவிடலாம். முதலில் அந்த லேப்டாப்பில் வேலையை நிறுத்துங்கள். ரேமில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் கோப்பில் அப்படியே பதிந்துவிடக்கூடும். கேமரா கார்டை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சேர்த்துப் போட்டால் வழக்கமாக இரண்டுமே 2666இல் ஓடும். முதல் கறுப்புத் திரையும் சகஜம்தான், புதிய ரேமுக்கு ஏற்ப பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது.

வேறு கணினியில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, உங்கள் லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்யுங்கள். அது விண்டோஸ் இல்லாமலே ஓடும். ரேமை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். கழற்றும் முன் சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். நேற்று முழுக்க அதே வேலைதான். முதல் ஸ்லாட்டில் பழையதும் புதியதும் பிழையில்லாமல் ஓடின. இரண்டாவது ஸ்லாட்டில் புதியதைப் போட்டதும் ஐந்தாவது நிமிடமே சிவப்பு வரிகள். கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டேன், பாவம். ஸ்லாட்டே போய்விட்டதா? மதர்போர்டு மாற்றச் சொல்வார்களா?

பதில் 3:
அவசரப்படாதீர்கள் சகோதரி. டார்ச் அடித்துப் பாருங்கள். ரேமின் தங்க நிறப் பற்களில் ஒரு கோடு வெளியே தெரிந்தால் அது முழுசாக உட்காரவில்லை. ரேமைப் பிடிக்கும் ஓரக் கொக்கிகள் மாட்டிய பிறகும் இப்படி நடக்கலாம். ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், பற்கள் மறையும் வரை தள்ளிவிட்டு, பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

கேள்வி கேட்டவர்:
தெரிந்தது சார்! வலது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மின்னியது. ஸ்லாட்டின் உள்ளே பஞ்சு போல ஒரு நூல். ஸ்வெட்டர் நூலா, துடைத்த துணியா தெரியவில்லை. பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, நீங்கள் சொன்ன சாய்வில் தள்ளினேன். இந்த முறை இரண்டு கொக்கியும் ‘டக்’கென்று மாட்டின. ராத்திரி இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன், நான்கு சுற்றும் முடிந்து பிழை பூஜ்யம்.

ஞாயிறுக்குப் பிறகு சேமித்த 112 படங்களையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். ஏழில் பட்டை இருந்தது. அவற்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றையுமே கார்டிலிருந்து மறுபடி எடுத்துச் செய்கிறேன். இப்போது 22ஆம் பக்கத்தில் இருக்கிறேன், திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும்.