செல் ஒழுகி வீணான பொருட்கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

எல்லீஸ் நகரிலிருந்து:

டி.வி. ரிமோட்டில் செல் ஒழுகினால் பெரிய நஷ்டம் இல்லை, எழுந்து போய் சேனலை மாத்திக்கலாம். பிரஷர் பாக்குற மிஷின்ல ஒழுகினால் என்ன ஆகும்னு எங்க வீட்டில் பாத்துட்டோம். அதனாலதான் இதை எழுதுறேன்.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ரத்த அழுத்தம் உண்டு. போன கத்திரி வெயில் சமயத்தில் ராத்திரி எந்திரிச்சவங்களுக்குத் தலை சுத்தல். பீரோவில் இருந்த மிஷினை எடுத்து, கையில பட்டையைச் சுத்தி பட்டனை அமுக்கினால் உயிரே இல்லை. பின்பக்க மூடியைத் திறந்தால் நாலு பென்சில் செல்லில் ஒண்ணு அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாப் பூத்து, ஸ்பிரிங்கோட சேர்ந்து ஒட்டிக் கிடக்குது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவங்க மிஷினை வாங்கிப் பாத்தோம். மேல் அளவு 190-ஐத் தாண்டியிருந்தது. ஆட்டோ பிடிச்சு நேரா பெரியாஸ்பத்திரி. நல்லபடியா வீடு வந்து சேர்ந்தாங்க. அந்த மிஷின் மட்டும் கிடைக்கலைன்னா, வெயிலுக்குத்தான் தலை சுத்துதுன்னு உப்புப் போட்ட மோரைக் கொடுத்துப் படுக்க வச்சிருப்போம். அதை நினைச்சா இன்னமும் எனக்குப் பதறுது.

மறுநாள் உக்காந்து சுத்தம் பண்ணினேன். கையில டை அடிக்கிற பிளாஸ்டிக் உறை. செல்லை ஐஸ் குச்சியால நெம்பி எடுத்தேன். காய்ஞ்ச தூளை வாயால ஊதாம, பழைய பல் பிரஷ்ஷால தட்டி பேப்பரில் விழவச்சேன். அப்புறம் எலுமிச்சைச் சாறு, பட்ஸில் தொட்டு ரெண்டு சொட்டு. வெள்ளை இருந்த இடத்தில் லேசா நுரைச்சுது. ஈரத்துணியால துடைச்சு, ஒரு நாள் முழுக்க மூடி திறந்தபடியே காய விட்டு, புது செல் போட்டதும் வேலை செஞ்சுது. ஆனாலும் அந்த அளவை அப்படியே நம்பலை. டாக்டர்கிட்ட போகும்போது மிஷினையும் எடுத்துட்டுப் போய், அவங்க கருவியில பாத்ததோட ஒப்பிட்ட பிறகுதான் மறுபடி பயன்படுத்துறோம்.

மிஷினுக்குப் பின்னால அடாப்டர் குத்துற இடம் இருக்கு. இப்ப கரண்டில்தான் பாக்குறோம். செல்லு நாலும் பிரிக்காத அட்டையோட அதே பெட்டியில, கரண்ட் போனா போட்டுக்க. சுகர் பாக்குற மிஷின், டார்ச், எமர்ஜென்சி லைட்டு எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்க. அவசரத்துக்குன்னு நாம எடுத்து வைக்கிற பொருளில்தான் செல் கவனிப்பார் இல்லாம ஒழுகுது. உங்க வீட்டில் எதில் ஆச்சு?

மேலூரிலிருந்து:

அக்கா, எங்க வீட்டில் டார்ச்சு. எங்களுக்குப் பெரியாறு கால்வாய்ப் பாசனம். முறைத் தண்ணி ராத்திரியில வந்தா ராத்திரியிலதான் போய் மடையைத் திறக்கணும். அப்பாகிட்ட மூணு பெரிய செல் போடுற எவர்சில்வர் டார்ச் ஒண்ணு இருந்தது. வெளிச்சம் மங்கினா செல்லைக் கழட்டி ஓட்டு மேல வெயிலில் காய வைப்பார். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. காய வச்ச செல் ரெண்டு ராத்திரிக்குத் தாங்கும்.

ஒரு ராத்திரி பாதி வரப்பில் டார்ச் அணைஞ்சு போச்சு. தட்டிப் பாத்தும் எரியலை. இருட்டில் கால் வழுக்கி மடைக்குள்ள விழுந்து, கணுக்கால் பிசகி, அந்தப் போகம் முழுக்க நொண்டிக்கிட்டே நடந்தார். காலையில டார்ச்சைத் திறந்தா நடுச்செல் உப்பிக் குழாயோட இறுகிப்போய், பழுப்பா ஒரு களி வழிஞ்சிருந்தது. குழாய்க்குள்ள துரு. தட்டி எடுக்கவே முடியலை, தூக்கித்தான் போட்டோம். வெயிலில் வச்சா எரியுதே, அப்புறம் ஏன் இப்படிப் பொங்குது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரிப்பேர் கடையிலிருந்து:

மேலூர் தம்பிக்கு. அந்தப் பழைய டார்ச் செல்லில் உள்கூடு துத்தநாகம். அது வெறும் டப்பா இல்லை, செல்லோட மைனஸ் முனையே அதுதான். கரண்ட் கொடுக்கக் கொடுக்கக் கூடே கரைஞ்சுக்கிட்டு வரும். வெயில் சூட்டில் உள்ளே நடக்கிற வேதிவினை வேகமெடுக்கிறதால ரெண்டு ராத்திரி எரியுது. அரிச்சு மெலிஞ்ச கூட்டில் ஓட்டை விழுறதும் அதே சூட்டில்தான் சீக்கிரம் நடக்கும். தீர்ந்த செல்லைச் சூடு காட்டாதீங்க, உடனே வெளியே எடுத்திருங்க.

எல்லீஸ் நகர் தங்கச்சி எலுமிச்சை போட்டது அவங்க செல்லுக்குச் சரியா அமைஞ்சுது. எல்லாச் செல்லுக்கும் அது பொருந்தாது. செல்லைச் சுத்தியிருக்கிற தாளில் பொடி எழுத்தைப் பாருங்க. ஆர்6, ஆர்03, ஆர்20 என்று இருந்தால் துத்தநாக-கார்பன். முன்னால ஒரு 'எல்' சேர்ந்து எல்ஆர்6, எல்ஆர்03 என்று இருந்தால் அல்கலைன். அல்கலைனுக்குள்ள இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். வெளியே வந்ததும் காத்தில் இருக்கிற கார்பன்-டை-ஆக்சைடோட சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டா மாறும், அந்த வெள்ளைப் பூப்பு அதுதான். அதுக்கு எலுமிச்சையோ வினிகரோ போட்டால் முறியும். துத்தநாக-கார்பன் செல்லில் இருக்கிறது நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. இல்லைன்னா துத்தநாக குளோரைடு. ரெண்டும் புளிப்புப் பக்கம், அமிலக் குணம். அதுக்கு ஆப்பசோடாவைத் தண்ணியில குழைச்சுத் தடவணும். எதைப் போட்டாலும் சொட்டுக் கணக்குத்தான், போர்டுப் பக்கம் ஓடவிடக் கூடாது. கடைசியா ஈரத்துணி. செல்போன் கடையில கிடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு தடவை துடைச்சா சீக்கிரம் உலரும்.

ஒரு விஷயம் பல பேர் செய்யுறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கும். ஸ்பிரிங் பளபளன்னு ஆகுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. ஸ்பிரிங் மேல இருக்கிற நிக்கல் பூச்சும் அதோட போயிரும், அடுத்த மழைக்குள்ள துருப்பிடிக்கும். கரும்படலம் போகுற அளவுக்கு மெதுவா ஒரு தேய்ப்பு போதும். ஸ்பிரிங் அரிச்சுப் போயிருந்தா புதுசு வச்சு ஈயப் பத்து போடுறதுதான் நிலைக்கும். துடைச்ச பிறகும் வேலை செய்யலைன்னா ஸ்பிரிங்கில் இருந்து போர்டுக்குப் போற ஒயரைப் பாருங்க. ஒழுகின திரவம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறி, செம்புக் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். மேலே பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு வேற ஒயர் கொடுத்தா பல பொருளு பிழைச்சிரும்.

கடைக்கு அதிகமா வர்றது சுவர்க் கடிகாரம். நின்னு போன பிறகும் உயரத்தில் மாட்டியிருக்கேன்னு யாரும் இறக்க மாட்டாங்க. தீர்ந்த செல் உள்ளேயே இருந்து ஒழுகிப் பல்சக்கரம் வரைக்கும் இறங்கியிருக்கும். அதைச் சுத்தம் பண்ணி மல்லுக்கட்ட வேணாம். உள்மிஷின் மட்டும் தனியாவே மலிவா கிடைக்குது, மாத்திருங்க.

பழசும் புதுசும் கலந்து போடாதீங்க. பழசு முதலில் தீர்ந்திரும். தீர்ந்த பிறகும் மத்த செல்லுங்க அதுக்குள்ள கரண்டைத் தள்ளி, தலைகீழா ஏத்தும். உள்ளே வாயு சேர்ந்து, அடைப்பு விட்டு, ஒழுகும். எல்லீஸ் நகர் தங்கச்சி வீட்டு மிஷினில் நாலில் ஒண்ணு மட்டும் பூத்திருந்ததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்.

திருநகரிலிருந்து:

ரிமோட்டில் ஒட்டிப்போன செல்லை என் மகன் ஸ்குரூ டிரைவரால நெம்பும்போது ஒரு துளி கண்ணில் தெறிச்சிருச்சு. அல்கலைன் செல்தான். உடனே குழாயடியில முகத்தை வச்சு, இமையை விரிச்சுப் பிடிச்சு, கால் மணி நேரத்துக்கு மேல தண்ணி விட்டேன். அப்புறம் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். பார்வைக்கு ஒண்ணும் ஆகலை. முதலில் தண்ணி விட்டதுதான் காப்பாத்துச்சுன்னு டாக்டர் சொன்னார். அமிலத்தை விடக் காரம் கண்ணுக்குள்ள ஆழமா இறங்குமாம்.

மேலே எலுமிச்சை, வினிகர்னு படிச்சிட்டுப் பதட்டத்தில் யாரும் அதைக் கண்ணிலயோ தோலிலயோ விட்டிராதீங்க. உடம்புக்குத் தண்ணி மட்டும்தான்.

அலங்காநல்லூரிலிருந்து:

இன்வெர்ட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெரிய பேட்டரியில இருக்கிறது கந்தக அமிலம். எலுமிச்சை, வினிகர் பக்கமே போக வேணாம். டெர்மினலில் வெள்ளையோ நீலப்பச்சையோ பூத்திருந்தா ஆப்பசோடாத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கணும். தண்ணி ஊத்துற மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு முதலில் பாருங்க, சோடா உள்ளே போனா பேட்டரி கெட்டிரும். இன்வெர்ட்டரை அணைச்சிட்டு மைனஸ் ஒயரைத்தான் முதலில் கழட்டணும். மோதிரம், வளையல் போட்ட கையோட ஸ்பேனரைத் தொடாதீங்க. துடைச்சு மாட்டின பிறகு வாசலைன் தடவினா சீக்கிரத்தில் பூக்காது. தண்ணி குறைஞ்சா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, ஆசிட் ஊத்தக் கூடாது.

எல்லீஸ் நகரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, எடுத்த செல்லை எங்கே போடுறது? குப்பையில போட மனசு வரலை.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரிப்பேர் கடையிலிருந்து:

மக்குற குப்பையோட சேர்க்கவே கூடாதும்மா. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே பழைய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவுன்னு தனியாப் பிரிச்சிருக்காங்க. பழைய மருந்து, டியூப் லைட்டெல்லாம் அதே கணக்கு. ஒழுகின செல்லை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, மேலே 'பேட்டரி'ன்னு எழுதித் தூய்மைப் பணியாளர்கிட்ட கையில கொடுத்திருங்க. அவங்க வெறுங்கையில குப்பை பிரிக்கிறவங்க, சொல்லாம போட்டா அவங்க விரல்தான் வெந்து போகும். 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி, தயாரிக்கிற கம்பெனிக்காரங்களே பழசைத் திரும்பச் சேகரிக்கணும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதுசு வாங்குற கடையிலயே கொடுத்து விலையில கழிச்சுக்கலாம்.

பொம்மையில, கடிகாரத்துல வர்ற பட்டன் செல்லுக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்தில் வைங்க. சின்னப் பிள்ளை முழுங்கிருச்சோன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள உணவுக்குழாயைப் புண்ணாக்கிரும்.