டிசம்பர் 30க்குப் பிறகு ஒன்றும் இல்லை

குழு: கல்லடி வீட்டார்

துஷா: ரமணன் அண்ணா, நிற்கிறீங்களா? மட்டக்களப்பு வாவி நீர்மட்டப் பதிவை எக்செல்லில் திறந்தேன். 2022, 2023 இரண்டு வருடம், நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஆனால் 2023 டிசம்பர் 30 விடியற்காலை 4:14உடன் முடிகிறது. கருவி பழுதா?

ரமணன்: கருவியில் பிழை இல்லை தங்கச்சி. ஒரு வருடத்தில் 525,600 நிமிடம், இரண்டு வருடம் என்றால் 1,051,200. எக்செல் தாளில் இருப்பதே 1,048,576 நிரைதான். தலைப்புக்கு ஒன்று போக, 2,625 பதிவுக்கு இடம் இல்லை.

துஷா: திறக்கும்போது ஏதோ அறிவித்தல் வந்ததுதான்.

ரமணன்: முழுவதும் ஏறவில்லை என்று சொல்லியிருக்கும். ஒருதரம்தான் சொல்லும். சேவ் பண்ணினாயா?

துஷா: இல்லை.

ரமணன்: நல்லது. அதே பெயரில் சேவ் பண்ணினால் அந்த இரண்டு நாளும் உண்மையாகவே போய்விடும்.

பெரியம்மா: மாரி மழை நாளெல்லோ பிள்ளை. வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுறதா இல்லையா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம்.

துஷா: ஓம் பெரியம்மா, எனக்கு முக்கியமே அந்த நாட்கள்தான்.

மாமா: எங்கள் சங்கப் பட்டியலில் சில நூறு பேர்தான். எனக்கு இந்தச் சிக்கல் வராது.

ரமணன்: மாமா, உங்களுக்கு வருவது வேறு. புதிய அடையாள அட்டை இலக்கம் 12 எண். எக்செல் அதை 1.98835 என்று தொடங்கி, ஒரு ஈ எழுத்தும் +11உம் போட்டுச் சுருக்கிக் காட்டும். உள்ளே எண் முழுதாகத்தான் இருக்கும். ஆனால் சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் காட்டியதையே எழுதிவிடும். மறுகா திறந்தால் கடைசி எண்கள் பூச்சியம். 077 என்ற போன் இலக்கம் 77 ஆகும். வீட்டு இலக்கம் 12/3 என்று அடித்தால் திகதியாக்கிவிடும்.

மாமா: அட, அதுதானா! இரண்டு வீட்டு விலாசத்தில் திகதி நிற்கிறது, யாரோ மாறி அடித்தது என்று நினைத்தேன்.

ரமணன்: தரவு போடுவதற்கு முதலே அந்த நிரல்களை டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள் மாமா. எனக்குப் பயம் இதில்தான். இடம் போதாவிட்டால் அறிவித்தலாவது வரும், நீங்கள் அடிக்கும் இலக்கத்தை மாற்றும்போது ஒன்றும் சொல்லாது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். பழைய எக்செல் கோப்பு வகை 65,536 நிரைக்கு மேல் ஏற்காது, மிச்சம் விழுந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் பிந்தியது.

துஷா: கூகிள் ஷீட்டில் போட்டால்?

ரமணன்: அதில் ஒரு கோடி கலம். உன்னிடம் ஐந்து நிரல் என்றால் ஒரு கருவியின் பதிவு கொள்ளும். மூன்று கருவி கொள்ளாது.

துஷா: வருடத்துக்கு ஒரு தாள் என்று பிரித்தால்?

ரமணன்: பிரிக்கலாம். ஆனால் இரண்டு டிசம்பரையும் ஒப்பிட ஒவ்வொரு சூத்திரத்தையும் இரண்டு இடத்தில் எழுதவேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் யாருக்கும் தெரியாது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை இறக்கு. இலவசம், சேர்வர் வேண்டாம், தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். ஒவ்வொரு நாளும் உச்ச நீர்மட்டம் என்ன என்று கேள், 730 நிரை வரும். அதை எக்செல்லில் போட்டு வரைபு கீறு. அந்த வேலைக்கு எக்செல் அருமையான சாமான். கேட்ட கேள்வியும் எழுத்தில் இருப்பதால் உன் ரீச்சர் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

துஷா: சரி அண்ணா, இறக்குகிறேன்.

துஷா: ஏற்றிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் 1,051,200.

ரமணன்: சரியாக இருக்கிறது. மூலக் கோப்பை ரீட் ஒன்லி ஆக்கி, ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு வை.