பிலிப்பியர் 4:13ம் லோன் தம்பியும்

குழு: எங்க குடும்பம் 🙏

சித்தப்பா (ஹட்டன்), காலை 5.12
"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. அனைவருக்கும் காலை வணக்கம். ஆண்டவர் இந்த நாளை ஆசீர்வதிப்பாராக 🙏

பெரியம்மா (பொகவந்தலாவ), காலை 5.40
ஆமென்

தம்பி (கொழும்பு), காலை 6.55
ஆமென் சித்தப்பா

நான், காலை 7.10
ஆமென். இங்க மஸ்கெலியால நல்ல மழை

அக்கா (தலவாக்கலை), இரவு 7.48
சித்தப்பா கோவிச்சுக்காதீங்க, இன்னைக்கு இந்த வசனத்த பாத்து எனக்கு எரிச்சல் தான் வந்துச்சு. விடிய எழும்பி ரொட்டி சுட்டு புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு பெரட்டுல பேர் குடுக்க ஓடி தேயில மலைக்கு போனா மழை, அட்டக்கடி, கொழுந்தும் இல்ல, கிலோ வரலன்னு அரப்பேர், பாதி நாள் சம்பளம் தான் போட்டுட்டாங்க, கால் வீங்கி வீட்டுக்கு வந்தா வாசத் திண்ண இஸ்தோப்புல லோன் காசு வாங்க வாற லோன் தம்பி உக்காந்திருக்கான். அத்தானுக்கு முட்டி வலி, வேலைக்கு போக ஏலாது. எல்லாவற்றையும் செய்ய பெலன் உண்டாம். எனக்கு இந்த போன தூக்கவே பெலன் இல்ல

தம்பி (கொழும்பு), இரவு 7.53
அக்கா சொல்றது சரி தானே. வசனம் அனுப்பினா கடன் கொறஞ்சிருமா. போன ஞாயிறு "பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு அனுப்புனீங்க சித்தப்பா, பர்வதத்த பாத்தா நம்ம சனத்துக்கு மீரியபெத்த தோட்டம் தான் ஞாபகம் வருது, 2014 அக்டோபர்ல காலங்காத்தால மண்சரிவு லயத்து வீடுகளோட மூடிருச்சே, 2025 நவம்பர் டிட்வா புயலையும் பாத்தோம்

நான், இரவு 7.54
டேய் பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசுவ

சித்தப்பா (ஹட்டன்), இரவு 8.20
விடு மகன் பேசட்டும். தம்பி, அந்த 121ம் சங்கீதத்துல ரெண்டாம் வசனத்தயும் வாசி, ஒத்தாசை மலைல இருந்து வரும்னு இல்ல, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தர்கிட்ட இருந்து வரும்னு இருக்கு. மலைய நம்புன்னு பைபிள் எங்கயும் சொல்லல

சித்தப்பா (ஹட்டன்), இரவு 8.34
மகள், நீ சொன்னத ரெண்டு தரம் வாசிச்சேன். இந்த வசனத்த நாங்க பரீட்சைக்கு போற புள்ளைக்கும் கிரிக்கெட் ஆட போறவனுக்கும் எழுதி குடுத்து குடுத்து அது என்னமோ ஜெயிக்கிற வசனம் மாதிரி ஆகிருச்சு, ஆனா பவுல் அத எழுதினது கட்டுண்டு காவல்ல இருந்துக்கிட்டு. அதுக்கு மேல உள்ள 12ம் வசனத்துல பசியா இருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன்னு சொல்லிட்டு தான் 13க்கு வாறாரு. எல்லாத்தயும் சாதிச்சிருவேன்னு அர்த்தம் இல்ல, பசிச்சாலும் விழுந்து போகாம இருக்க பெலன் தாறாருன்னு தான் அர்த்தம்

சித்தப்பா (ஹட்டன்), இரவு 8.41
அதுக்கு கீழ உள்ள 14ம் வசனத்த யாரும் பூ படம் போட்டு அனுப்புறதே இல்ல. "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." பெலன் இருக்குன்னு சொன்ன அதே மனுசன் தான் நீங்க உதவினது நல்லதா போச்சுன்னும் சொல்றாரு. பிலிப்பியில உள்ள சபை எப்பாப்பிரோதீத்து கையில சாமான் குடுத்து அனுப்பிருக்காங்க, கொண்டு போன ஆளும் வருத்தம் வந்து சாகப் பாத்து பொழச்சாரு. வசனம் மட்டும் அனுப்பிட்டு அவங்க சும்மா இருக்கல

அக்கா (தலவாக்கலை), இரவு 8.50
எனக்கு ஜெபம் பண்ணவும் வாய் வருதில்ல சித்தப்பா. கோயில்ல எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்றப்ப நா மட்டும் உள்ளுக்குள்ள ஏசிக்கிட்டு நிக்கிறேன், அது பாவமோ தெரியல

பெரியம்மா (பொகவந்தலாவ), இரவு 9.02
புள்ள நா பெரியம்மா சொல்றேன் பேத்தி டைப் பண்றா. 74 பஞ்சத்துல கடைல பாணும் இல்ல மாவும் இல்ல, மரவள்ளி கெழங்குக்கே அடிபுடி, எத்தன பேர் தலைமன்னார் கப்பல்ல இந்தியாவுக்கு போயிட்டாங்க. அப்ப உங்க அம்மாச்சி கோயிலுக்கு போயி பாட்டு படிக்கல, முழங்கால் போட்டு ஆண்டவரோட சண்டை புடிச்சா, எம் புள்ளைங்களுக்கு நாளைக்கு என்னா தரப் போறீரு இப்பவே சொல்லும்னு சத்தம் போட்டா. உபதேசியார் பயந்துட்டாரு. தாவீது ராசா கேக்கலாம் நா கேக்கக்கூடாதான்னா அவ. 13ம் சங்கீதத்த எடுத்து பாரு, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு தான் தொடங்குது. நீ ஏசிக்கிட்டே ஜெபம் பண்ணு, அவருக்கு கேக்கும்

தம்பி (கொழும்பு), இரவு 9.05
அம்மாச்சி செம 😂

அக்கா (தலவாக்கலை), இரவு 9.11
பெரியம்மா அழுக வருது. ஆனா சிரிப்பும் வருது

நான், இரவு 9.14
அக்கா லோன் எவ்ளோ பாக்கி, எங்ககிட்ட ஏன் சொல்லல

அக்கா (தலவாக்கலை), இரவு 9.19
என்னான்னு சொல்றது வெக்கமா இருந்துச்சு. குரூப் லோன் தானே, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும், அதனால பக்கத்து காம்பரா வீட்டு அக்காவும் மூஞ்ச திருப்பிக்கிறா. அவள குத்தம் சொல்லவும் ஏலாது, அவ வீட்டுலயும் இதே கத தான். பாக்கி தொகைய ஒனக்கு தனியா போடுறேன், இங்க வேணாம்

தம்பி (கொழும்பு), இரவு 9.23
அக்கா அந்த லோன் புக்க போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு. வட்டி எத்தன வீதம்னு பாக்கணும், அந்த கம்பனிக்கு மத்திய வங்கி லைசன்ஸ் இருக்கான்னும் பாக்கணும், 2016ல இதுக்குன்னே சட்டம் வந்திருக்கு. சம்பளம் வந்ததும் போன் வழியா ஈசி கேஷ்ல கொஞ்சம் போடுறேன், அத மொதல்ல பக்கத்து அக்காகிட்ட குடு

சித்தப்பா (ஹட்டன்), இரவு 9.30
நல்ல யோசன. மாப்பிள்ளைட ஈபிஎஃப், அந்த ஊழியர் சேமலாப நிதி நம்பரயும் தேடி வை மகள், பத்து வருசத்துக்கு மேல கட்டிருந்து காசு மூணு லட்சத்துக்கு மேல இருந்தா 30 வீதம் முன்னுக்கே எடுக்கலாம், ஆனா நோய் வருத்தத்துக்குன்னா எல்லா வருத்தத்துக்கும் தர மாட்டாங்க, முட்டிக்கு கெடைக்குமான்னு நா தொழிற்சங்க ஆபிஸ்ல கேக்குறேன். லோன்காரன் திரும்ப எப்ப வாறான்

அக்கா (தலவாக்கலை), இரவு 9.33
செவ்வாய்க்கிழம

சித்தப்பா (ஹட்டன்), இரவு 9.34
அன்னைக்கு நா வந்து இஸ்தோப்புல உக்காந்துக்கிறேன். அவனோட நா பேசுறேன், நீ தேத்தண்ணி மட்டும் ஊத்து

நான், இரவு 9.36
நானும் லீவு போட்டுட்டு வாறேன் சித்தப்பா. அக்கா ஒனக்கு அட்டைக்கு பூச சித்தாலேப வாங்கியாறேன், வேற என்னா வேணும்

அக்கா (தலவாக்கலை), இரவு 9.44
ஒரு கிலோ மாவு, மண்ணெண்ணெ கெடைச்சா ஒரு போத்தல். அவன் நாலு மணிக்கே வந்துருவான், பிந்திறாதீங்க. குறுக்குப் பாதைல எறங்காதீங்க ரெண்டு பேரும், மழைக்கு படி பேந்து கெடக்கு, சித்தப்பாக்கு ஏலாது, பெரிய ரோட்டாலயே சுத்தி வாங்க