மாணவர் வீடியோவில் தமிழ்ப் பெயர்கள் உடைகின்றன, பாட்டியின் குரலும் பிந்துகிறது: உதவி தேவை

ஏரிக்கரை டீச்சர்:
வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஊர் ஏரியைப் பற்றி 4 நிமிட வீடியோ செய்கிறார்கள். கரை, மதகு, கலிங்கு எல்லாவற்றையும் அவர்களே போனில் எடுத்தார்கள். ஒரு மாணவி தன் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, அந்தக் காலத்தில் மடை திறந்த முறையைச் சொல்ல வைத்திருக்கிறாள். அப்படி ஒரு பேச்சு இனி கிடைக்காது. அதைக் கெடுக்காமல் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று தவிக்கிறேன்.

சிக்கல் இரண்டு. காட்சியின் மேல் பெயர் போடும்போது "ஏரி" சரியாக வருகிறது. "மடை" என்று அடித்தால் டகரத்துக்கு முன்னால் வர வேண்டிய இணைக்கொம்பு பின்னால் போய் நிற்கிறது. "கொக்கு" அடையாளமே தெரியவில்லை. ஆறு எழுத்துரு மாற்றிப் பார்த்தாயிற்று.

அடுத்தது, பாட்டி பேசிய 11 நிமிடப் பதிவு. தொடக்கத்தில் வாயும் குரலும் சேர்ந்தே போகின்றன. கடைசிக்கு வரும்போது பாட்டி வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. நாங்கள் எடுத்துக்கொள்ள நினைப்பதோ அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

வெட்டு மேசை:
டீச்சர், எழுத்துருவை மாற்றுவதை நிறுத்திவிடுங்கள், குறை அதில் இல்லை. தமிழ் எப்படி உடைகிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாக வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, வேறு போட்டால் தீரும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய முறையில் அடித்தது, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். (தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், பள்ளிக் கணினிகளில் பாமினி கோப்புகள் இன்னும் கிடக்கின்றன.) உங்களுடையது மூன்றாவது வகை.

யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. உங்கள் எடிட்டிங் மென்பொருள் அதைச் செய்வதில்லை. "ஏரி"யில் இடம் மாற வேண்டிய குறி எதுவும் இல்லாததால் அது தப்பித்தது. "கொக்கு"வில் கொம்பு, புள்ளி, உகரம் மூன்றும் இருப்பதால் மூன்று இடத்தில் உடைகிறது.

அதனால் பெயர்களைப் படமாகச் செய்துவிடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வரும். பக்க அளவு 1920 × 1080 பிக்சல், எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அது இலவசம். பின்னணி எதுவும் போடாமல், முழுப் பக்கத்தையும் பிஎன்ஜி என்ற படக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வீடியோவுக்கு மேல் தடத்தில் வையுங்கள். வீடியோவும் அதே அளவில் இருந்தால் எழுத்து நீங்கள் வைத்த இடத்திலேயே உட்காரும்.

ஒலிக்காரன்:
குரல் பிந்துவதற்கு நான் சொல்கிறேன். அந்தப் பதிவு மாலையில் எடுத்ததா?

ஏரிக்கரை டீச்சர்:
ஆமாம் சார், விளக்கு வைக்கும் நேரம். கரையில் மத்தியானம் எடுத்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஒலிக்காரன்:
வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, குறைத்துக்கொள்ளும். 30 என்று தொடங்கி நடுவில் 24, 20 என்று இறங்கும். எடிட்டிங் மென்பொருள் எல்லாமே 30 என்று எண்ணிக்கொண்டு ஓட்டினால் படம் முந்திவிடும், குரல் தன் வேகத்தில் வரும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் மோட் என்ற இடத்தில் வேரியபிள் (மாறுவது) என்று இருக்கும்.

வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் ஃப்ரேம் ரேட் 30, கான்ஸ்டன்ட் (மாறாதது) என்று வைத்து மாற்றி, அந்தப் புதுக் கோப்பை எடிட்டிங்கில் போடுங்கள். வெட்டுவதற்கு முன்பே மாற்ற வேண்டும், வெட்டியதை மாற்றிப் பயனில்லை. போனிலிருந்து எடுத்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

ஏரிக்கரை டீச்சர்:
குரல் சரியாகிவிட்டது சார்! கடைசி வரி வரைக்கும் உதட்டோடு ஒட்டி வருகிறது.

பெயர்களில்தான் புதுத் தொல்லை. லேப் கணினியில் செய்த "மடை" எழுத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அதே படத்தை வகுப்புக் குழுவில் போட்டு வேறு கணினியில் இறக்கினால் வெள்ளைப் பெட்டிக்குள் வருகிறது, மதகே மறைந்துபோகிறது.

வெட்டு மேசை:
சாட் குழுவில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் ஜேபெக் என்ற வேறு படவகை ஆகிவிடும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி என்பதே கிடையாது, அந்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். பிள்ளைகள் எடுத்த புகைப்படங்களுக்கும் இதுதான் வழி. குழு வழியாக வந்தவை சுருங்கிப்போயிருக்கும், முழுத்திரையில் மங்கலாகத் தெரியும்.

இன்னொன்று: மதகின் மேல் வெயில் பளிச்சென்று இருந்தால் வெள்ளை எழுத்து காணாமல் போகும். எழுத்துக்கு மெல்லிய கறுப்பு ஓரம் கொடுங்கள்.

ஏரிக்கரை டீச்சர்:
பென் டிரைவில் எடுத்துவந்து போட்டோம். மடை, மதகு, கலிங்கு, கொக்கு நான்கும் உடையாமல் நிற்கின்றன. கறுப்பு ஓரம் கொடுத்தது கலிங்குக் காட்சிக்கு ரொம்ப உதவியாக இருந்தது. பாட்டியின் பெயரையும் அப்படியே செய்துதர முடியுமா என்று அந்த மாணவி கேட்டாள். இப்போது இங்க்ஸ்கேப்பில் அவளே செய்துகொண்டிருக்கிறாள். நாளை பாட்டியை லேபுக்கு அழைத்துவந்து முதலில் அவருக்குத்தான் போட்டுக்காட்டப் போகிறோம்.