கதவில் உரசல், பம்பரில் மஞ்சள் கோடு: முழு டோரும் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

திங்கள்சந்தைக்காரர்:
வணக்கம். வடசேரியில் ஓரமாக நிறுத்தியிருந்த காரை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். சாம்பல் நிற மெட்டாலிக், நாலு வருட வண்டி. பின் பம்பர் முனையில் மஞ்சள் கோடு, ஆட்டோவாக இருக்கலாம். இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக உரசல். கைப்பிடிக்குக் கீழே அரை விரல் நீளம் மட்டும் ஆழமாகத் தெரிகிறது. வெயில் பட்டால் பானட்டில் வட்டவட்டமாகப் பொடிக் கீறல்கள் வேறு. பக்கத்து ஒர்க் ஷாப்பில் கதவு முழுக்க அடித்தால்தான் கலர் சேரும் என்கிறார்கள். மாமாவோ டூத்பேஸ்ட் வைத்துத் தேய் என்கிறார். கம்பெனி பெயின்டைக் கலைக்க மனசு வரவில்லை. வீட்டிலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம்?

குழித்துறை:
கதவைக் கழுவிவிட்டு உரசல்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாப் பூச்சான ‘கிளியரில்’ மட்டும்தான் கீறல். கீறலின் ஓரங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் மறைகிறது. அப்புறம் நகத்தைக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் மாட்டினால் அது தேய்த்து எடுக்கிற ஆழம் இல்லை.

மார்த்தாண்டம் பெயின்டர்:
தம்பி சொன்னது சரி. கம்பெனி பெயின்ட் என்பது பிரைமர் என்ற அடிப்பூச்சு, கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் சுமார் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இராது. கீறல் எடுக்கத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்ட் என்ற பசை கீறலை அடைப்பதில்லை, சுற்றியுள்ள கிளியரைச் சீவி மட்டப்படுத்துகிறது. போன கிளியர் போனதுதான்.

மஞ்சள் கோட்டை முதலில் எடுங்கள், அது உங்கள் பெயின்ட்மேல் ஒட்டிய அடுத்த வண்டியின் பெயின்ட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்தால் கொஞ்சம் வரும். மிச்சத்துக்குக் காம்பவுண்ட். தின்னரைத் தொடவே வேண்டாம், ஏற்கெனவே ரீபெயின்ட் ஆன பம்பராக இருந்தால் உங்கள் கலரும் சேர்ந்து இளகிவிடும்.

கதவு உரசலுக்கு நிழலில், தகடு ஆறிய பிறகு உட்காருங்கள். கதவின் மடிப்பு விளிம்பில் பெயின்ட் மெலிந்திருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். முதலில் நைசான பாலிஷ், அதில் போகாவிட்டால்தான் ரப்பிங் காம்பவுண்ட். பயறளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குள் மட்டும், மிதமான அழுத்தத்தில் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். துடைத்ததும் பளபளப்பதை நம்பாதீர்கள், பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடிக்காட்டும். அதே ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் உண்மை நிலவரம் தெரியும். வாட்டர் பேப்பரும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றும் பாலிஷ் மெஷினும் பழகாத கைக்கு வேண்டாம். மாமா சொன்ன பேஸ்டும் ஒரு மெல்லிய காம்பவுண்ட் மாதிரிதான், ஆனால் எவ்வளவு தேய்க்கும் என்று கணக்கே இல்லை.

குளச்சல் கடலோரம்:
பானட் கீறல் உரசலால் வந்ததாகத் தெரியவில்லை. மண்டைக்காடு, முட்டம் கடற்கரைப் பக்கம் போய் வந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது உண்டா? மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட்டோடு சிர்கான், கார்னெட் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு. கார்னெட்டை வைத்து உப்புத்தாளே செய்கிறார்கள். கையில் அள்ளினால் மாவு மாதிரி நைசாக இருக்கும், பானட்டில் துணியோடு இழுத்தால் கிளியரை அறுத்துவிடும். நிறையத் தண்ணீர் பீய்ச்சி மணலை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. காம்பவுண்ட் போடுவதற்கு முன்பும் இதைச் செய்யாவிட்டால் அந்த மணலையே சேர்த்துத் தேய்ப்பீர்கள்.

திங்கள்சந்தைக்காரர்:
தண்ணீர் ஊற்றியதும் நீள உரசல் முழுக்க மறைந்தது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் ஈரத்திலும் வெள்ளை, நகமும் மாட்டுகிறது. இன்சூரன்ஸில் போட்டுவிடலாமா?

தக்கலை:
இவ்வளவுக்கு வேண்டாம் அண்ணா. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை பிரீமியத்தில் போனஸ் கழிவு ஏறுகிறது. அந்தப் போனஸைக் காக்கும் தனி ஆட்-ஆன் எடுக்காமல் ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

மார்த்தாண்டம் பெயின்டர்:
வெள்ளையாகத் தெரிவது பிரைமர். தகடு தெரியாதவரை துரு பயம் உடனே இல்லை, ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்றில் திறந்தபடியே விடாதீர்கள். இஞ்சின் பக்கமோ கதவுத் தூணிலோ உள்ள பிளேட்டில் கலர் குறியீட்டு எண் இருக்கும், அதைக் காட்டி டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். பல்குச்சி முனையால் பள்ளத்துக்குள் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் கிளியர். மழை ஈரத்தில் செய்தால் கிளியர் மங்கும். மெட்டாலிக் என்பதால் பக்கவாட்டில் பார்த்தால் லேசாக வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அரை விரல் கோட்டுக்காக நல்ல கம்பெனி பெயின்டை உரித்து முழுக் கதவு அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

திங்கள்சந்தைக்காரர்:
மஞ்சள் போய்விட்டது. நீள உரசல் பாலிஷிலேயே எடுபட்டது, காம்பவுண்ட் தேவைப்படவில்லை. டச்-அப்பும் வைத்தாயிற்று, கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. மழைக்கு முன்னால் வாக்ஸ் போடலாமா?

மார்த்தாண்டம் பெயின்டர்:
பாலிஷ் போட்ட இடத்திலும் பானட்டிலும் இப்போதே போடுங்கள். டச்-அப் வைத்த இடத்தை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள், பெயின்ட் உள்ளே முழுசாகக் காய வேண்டும்.