மறு: ‘நிலை முகவரி’ என்ற ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

> ரூட்டரில் குறித்துவைத்தாலும் கருவியில் அடித்துவைத்தாலும் முகவரி மாறப்போவதில்லை. இரண்டுக்கும் ‘நிலை முகவரி’ என்றே வைக்கலாம்.

அக்கா, நம் அகராதிக்கு நீங்கள் அனுப்பிய நெட்வொர்க் சொற்பட்டியலில் இந்த ஒரு வரியோடு மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. (முகவரி என்று இங்கே சொல்வது, நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் ஐபி எண்ணை.) காரணத்தைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. நான்கு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ரூட்டர். தீபாவளி லீவு முடிந்து திறந்த அன்று டெலிவரி சலான் வரவில்லை. கம்ப்யூட்டரில் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது, வாசலில் லோடு ஏற்றிய வண்டி நிற்கிறது. எங்கள் சர்வீஸ் பையன் போய், பிரிண்டர் பேனலிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை எடுத்தான். அதில் 192.168.1.107. கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டில், அதாவது பிரிண்டரை எங்கே தேடுவது என்று குறித்திருக்கும் இடத்தில், இருந்ததோ 192.168.1.104. லீவுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திறந்ததும் முதலில் கேட்டவர்களுக்கு ரூட்டர் முகவரிகளைக் கொடுத்துவிட்டது. 104 சூப்பர்வைசரின் போனுக்குப் போயிருந்தது.

போனில் நான் சொன்னது, “நிலையான முகவரி வெச்சுடு தம்பி.” அவன் பிரிண்டருக்குள்ளேயே 104 என்று அடித்துவிட்டு வந்தான். அன்று பிரிண்ட் வந்தது. பிறகு ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ரூட்டர் 100 முதல் 199 வரை தன் கையிலிருந்து கொடுக்கிறது. பிரிண்டர் 104-ல் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. காலையில் பிரிண்டரைப் போடுவதற்கு முன்பே போன் வந்துவிட்டால் 104-ஐ அதற்குக் கொடுத்துவிடும். ஒரே முகவரிக்கு இரண்டு பேர். நான் மனதில் வைத்திருந்தது ரூட்டரில் குறித்துவைப்பதை. பையன் மீது தவறில்லை, நான் சொன்ன சொல் இரண்டுக்கும் பொருந்தியது.

ஆகவே மூன்று சொற்கள் கேட்கிறேன்.

டிஎச்சிபி (கேட்கும் கருவிகளுக்கு ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) கெடு வைத்துக் கொடுப்பதற்கு இரவல் முகவரி. ஆங்கிலத்தில் இது ‘லீஸ்’. ‘குத்தகை’ என்றால் நிலமும் நெல்லும்தான் நினைவுக்கு வருகின்றன; ஊரில் ‘லீசுக்கு வீடு’ என்றால் மொத்தப் பணம் கொடுத்துக் குடியிருப்பது. இங்கே பணமே இல்லை, வாங்கியதைத் திருப்ப வேண்டும், வேண்டுமென்றால் நாள் நீட்டிக் கேட்கலாம். டிஎச்சிபி விதிகளைச் சொல்லும், 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணத்தின்படி, வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததுமே கருவி நீட்டிப்புக் கேட்கிறது. அந்தக் காலத்தை இரவல் கெடு எனலாம்.

கருவியில் நாமே அடிப்பது தானிட்ட முகவரி. கொடுப்பவர் யாருமில்லை என்பது சொல்லிலேயே இருக்கிறது. ரூட்டர் கொடுக்கும் எண்களுக்கு வெளியே, 20 அல்லது 30 என்று இட்டால் வம்பில்லை.

ரூட்டரின் பட்டியலில் பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுத்த அடையாள எண்) நேராக ஒரு முகவரியைக் குறித்துவைப்பதுதான் மூன்றாவது. ‘ஒதுக்கிய முகவரி’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். இரவல் கொடுப்பதும் ஒதுக்குவதுதானே? ‘முன்பதிவு’ ஒரு பயணத்தோடு முடிந்துவிடும். நான் முன்வைப்பது பட்டா முகவரி. பதிவேடு ரூட்டரிடம், உரிமையாளர் பெயர் போல மேக் எண், சர்வே எண் போல ஐபி. எத்தனை நாள் பூட்டிக் கிடந்தாலும் இன்னொருவர் பெயருக்குப் போகாது. பட்டா தமிழ் வேர்ச்சொல் அல்ல என்று ஐயா சொல்வார் என்று தெரியும். ஆனால் எந்தக் கிராமத்திலும் விளக்கம் கேட்காமல் புரிகிற சொல் அது. இதே தெளிவோடு தனித்தமிழ்ச் சொல் கிடைத்தால் மனமார ஏற்கிறேன்.

அந்தக் கம்பெனியில் பிரிண்டரைத் தானாக முகவரி வாங்கும்படி மாற்றி, ரூட்டரில் 104-ஐ அதன் பெயருக்குக் குறித்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர்களைத் தொடவே இல்லை.

100 முதல் 199 வரையிலான அந்த எண்களுக்கு நம் பட்டியலில் ‘முகவரிக் குளம்’ என்று இருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. ‘இரவல் இருப்பு’ எப்படி? வெள்ளிக்குள் கருத்துச் சொல்லுங்கள், அகராதிப் பக்கத்தைத் திருத்திவிடுகிறேன்.