பல்லுறுப்புக்கோவையை மதிப்பிட முழு எண்களின் துணை வேண்டுமா? (ஓர் உரையாடல்: வகுமீதி முழு எண்களின் வழியையும், வளைவரை களத்துக்குள்ளேயே நிற்கும் இயற்கணித வழியையும் ஆதரிப்பவர்கள்.)

வகுமீதி: முடிவுறு களத்தின் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்யக்கூடிய, வரம்புள்ள எண்ணிக்கையில் உறுப்புகள் கொண்ட தொகுதி) மீதமைந்த பன்மாறிப் பல்லுறுப்புக்கோவையைப் பல புள்ளிகளில் ஒருசேர மதிப்பிடும் கணக்கை, மாறிகளின் எண்ணிக்கை படியைவிட மிகக் குறைவாக உள்ள நிலைக்கு, 2008-இல் ஆய்வாளர்கள் கெட்லாயாவும் உமன்சும் ஏறத்தாழ நேரியல் நேரத்தில் (உள்ளீட்டின் அளவுக்கு ஏறக்குறைய விகிதமாக வளரும் நேரத்தில்) தீர்த்துவிட்டனர். கெழுக்களை முழு எண்களாகக் கொண்டு, சிறிய பகா எண்கள் பலவற்றுக்கு மீதி கண்டு, சீன மீதித் தேற்றத்தால் விடையை மீட்கும் வழி அது. கணினி கையாள்வது பிட்டுகளைத்தான் என்னும்போது, களத்தின் கூட்டல், பெருக்கலை மட்டுமே கொண்டு அந்த வேகத்தை எட்ட வேண்டிய தேவை என்ன?

வளைவரை: நண்பரே, அதன் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாறிகள் 3, ஒவ்வொன்றின் படியும் 100-க்குக் கீழ், களத்தில் 10,00,003 உறுப்புகள், புள்ளிகள் 10 லட்சம் என்று கொள்வோம். நேரடியாகச் செய்தால் சுமார் லட்சம் கோடிப் பெருக்கல்கள் ஆகும். முழு எண்களுக்கு மாறினாலோ, ஒவ்வொரு விடையும் 1,800 இலக்கங்கள் வரை நீளக்கூடும் என்பதால், 4,200-ஐ ஒட்டிய பகா எண்கள் வரை தேவைப்படும். அவற்றுள் 4,000-ஐ ஒட்டிய ஒன்றுக்கு மட்டுமே, எல்லாப் புள்ளிகளிலும் கோவையின் மதிப்பை எழுதி வைக்கும் அட்டவணையில் 6,400 கோடி இடங்கள் வேண்டும். இந்த அளவில் நேரடிக் கணக்கே வெல்கிறது.

வகுமீதி: அந்த எண்களை ஏற்கிறேன். ஆனால் தேற்றம் பேசுவது அளவு வளர்ந்துகொண்டே போகும்போது நடப்பதைப் பற்றி. இயற்கணித வழி மட்டும் இந்த அளவில் விரைவாக ஓடும் என்று நீங்களும் சொல்லவில்லையே?

வளைவரை: சொல்லவில்லை, என் அக்கறை வேறு. 2022-இல் பர்கவா, கோஷ், குமார், மொகபாத்ரா ஆகியோர், களம் மிதமிஞ்சிப் பெரிதாக இல்லாமல், அதன் சிறப்பெண்ணும் (1-ஐ எத்தனை முறை கூட்டினால் 0 வருமோ அந்த எண்) சிறியதாக உள்ளபோது, மாறிகளின் மீதிருந்த கட்டுப்பாட்டையே நீக்கினர். சிறிய உட்களத்தின் புள்ளிகளில் கோவையின் மதிப்புகளையும் வகைக்கெழுக்களையும் முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு, கேட்கப்படும் புள்ளி வழியாகவும் அந்த உட்களப் புள்ளிகள் பலவற்றின் வழியாகவும் செல்லும் ஒரு வளைவரையில் இடைச்செருகி (தெரிந்த மதிப்புகளிலிருந்து தெரியாததைக் கணித்து) விடை காண்கிறார்கள். களத்தை விட்டு எங்கும் வெளியேறாததால், வேண்டர்மாண்ட் அணிகளின் (ஒவ்வொரு நிரையிலும் ஓர் எண்ணின் அடுக்குகளைக் கொண்டவை) விறைப்புக்கு, அதாவது தரத்தை வெகுவாகக் குறைக்க எத்தனை உறுப்புகளை மாற்ற வேண்டும் என்ற அளவுக்கு, மேல்வரம்பும் அதிலிருந்தே கிடைத்தது. முழு எண்களின் வழி அணிகளைப் பற்றி இப்படி எதையும் சொல்வதில்லை.

வகுமீதி: அதே ஆண்டில் குவோவும் உமன்சும் அவர்களுள் மூவருடன் இணைந்து எல்லா முடிவுறு களங்களுக்கும் அதை விரித்தபோது, பகா எண்களின் பரவல் பற்றிய பொம்பியேரி–வினோகிராதோவ் தேற்றம் வரை செல்ல நேர்ந்ததே. பெரிய களங்களுக்கு இயற்கணிதம் மட்டும் போதவில்லை என்றல்லவா இது காட்டுகிறது?

வளைவரை: முழு எண்களின் பங்கை நான் மறுக்கவில்லை, அந்தக் கட்டுரை இவ்விரு வழிகளோடு இன்னொரு வழியையும் கோத்துத்தான் முடிவை எட்டியது. ஆயினும், மாறிகளின் மீதான கட்டுப்பாட்டை நீக்க முடியுமா என்று 14 ஆண்டுகள் திறந்தே கிடந்த கேள்வியில் முதல் உடைப்பைத் தந்தது வளைவரை வழிதான். படி போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் அந்தத் தேற்றத்தில் உள்ளது. ஒவ்வொரு மாறியின் படியும் 2 என்று நின்றுவிட, மாறிகள் மட்டும் பெருகும் நிலை அதற்குள் அடங்காது. நான் உழைக்க விரும்புவது அங்கேதான்.